ஆறு அரைகுறைகள்

என்னோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படித்தவர்களுக்கு அந்த ஐப்பசி மழை மறந்திருக்காது. பள்ளிக்கூடத்து ஓடு ஒழுகி, இரண்டு வகுப்பை ஒரே அறையில் அடைத்துப் பார்த்து, அதுவும் முடியாமல் லீவு விட்டார்களே, அந்த மழை. பாலாற்றில் தண்ணீர் வந்துவிட்டது என்று நீங்களெல்லாம் செவிலிமேடு வரைக்கும் ஓடினீர்கள். நான் வரவில்லை. ஏன் வரவில்லை என்று கேட்டவர்களுக்கு அப்போது எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. எங்கள் வீட்டில் ஒரு காரியம் நடந்துவிட்டிருந்தது. யாரும் சாகவில்லை. எதுவும் திருட்டுப் போகவில்லை. ஆனாலும் இன்றைக்குச் சென்னையில் ஓர் ஆபீசில் உட்கார்ந்துகொண்டு அதை நினைத்தால் எழுதிக்கொண்டிருக்கிற பேனா நின்றுவிட்டுத்தான் மறுபடி ஓடுகிறது.

எங்கள் வீடு உங்களுக்குத் தெரியும். கதவைத் தள்ளினால் தறி. தறி போக மீந்த இடத்தில் மனிதர்கள். மழை பிடித்தால் தறிக்குழியில் தண்ணீர் ஊறும், நீளவாக்கில் கட்டிய பாவு நூல் ஈரம் குடிக்கும், ஓட்டினால் இழை அறுந்துகொண்டே இருக்கும். அதனால் அப்பா தறியைப் பழைய வேட்டிகளால் போர்த்திவிட்டுச் சும்மா உட்கார்ந்திருப்பார். சும்மா உட்காருவது அவருக்கு வராது. வேட்டியைத் தூக்கிப் பார்ப்பார், இழையைத் தொட்டுப் பார்ப்பார், மறுபடி மூடுவார். அந்த வருஷம் தறியில் நின்றது அரக்கு நிறத்தில் ஒரு கல்யாணப் புடவை. பாதி நெய்திருந்தது. பட்டும் சரிகையும் முதலாளியுடையவை. எங்களுடையவை கையும் காலும்தான்.

அக்காவை எட்டாவதோடு நிறுத்தியிருந்தார்கள். எங்கள் வீட்டில் எழுத்துக் கூட்டிப் படித்த முதல் ஆள் அவள். அவள் நின்ற இடத்தைத் தாண்டிப் போன முதல் ஆள் நான். பக்கத்துத் தெருவில் ஒரு தையல் டீச்சரம்மா இருந்தார். தையல் டீச்சர் ஆவதற்கு எட்டாவது படித்திருந்தால் போதும், பரீட்சை ஒன்று பாஸ் பண்ணவேண்டும் என்று அவர் ஒருநாள் சொல்லிவிட்டுப் போனதிலிருந்து அக்காவுக்கு வேறு நினைப்பே இல்லாமல் போயிற்று. வீட்டு வேலையெல்லாம் முடித்துவிட்டு மத்தியானம் அவர் வீட்டுக்குப் போவாள். நானும் கூடப் போவேன். டீச்சரம்மா வீட்டில் ஒரு மர நாற்காலி இருந்தது. அதில் உட்கார்ந்து கால்மேல் கால் போடாமல், முதுகு நிமிர்ந்து அவர் பின்னிக் காட்டுவார். எங்கள் வீட்டில் நாற்காலி கிடையாது. தறிக்குழியில் காலை விட்டு உட்கார்கிற வீட்டில் நாற்காலி எதற்கு?

அக்காவிடம் ஒரு காக்கித் துணிப்பை இருந்தது. அதற்குள் ஒரே சமயத்தில் ஆறு வேலைகள். குழந்தைக்கு ஒரு மஞ்சள் ஸ்வெட்டர், நீலத்தில் ஒரு காலுறை, சிவப்பில் ஒரு கையுறை, பச்சையில் ஒரு குல்லா. இவை நாலும் உல்லன் நூலில் ஊசிப் பின்னல். மிச்சம் இரண்டும் வெள்ளை நூலில் கொக்கி ஊசியால் போடுகிற குரோஷா: தலையணை உறைக்கு ஓரம் ஒன்று, வட்டமான மேசை விரிப்பு ஒன்று. நாலு பின்னலுக்கும் ஊசி வாங்க முடியாது என்று, சைக்கிள் கடை பாயிடம் பழைய ஸ்போக் கம்பிகளைக் கேட்டு வாங்கி, அம்மிக்கல்லில் முனையைத் தேய்த்து, மறு முனையில் அறுந்த ரப்பர் செருப்பைத் துண்டு துண்டாக வெட்டிச் செருகியிருந்தாள். பையைத் தூக்கினால் கம்பிகள் ஒன்றோடொன்று உரசி ஒரு சத்தம் வரும். அக்கா எங்கே இருக்கிறாள் என்பதை அந்தச் சத்தத்தை வைத்தே சொல்லிவிடலாம்.

காலையில் ஸ்வெட்டரில் நாலு வரிசை போடுவாள். அதை வைத்துவிட்டுக் காலுறையை எடுப்பாள். மழைக்கு வீடு இருட்டிக்கொண்டு வந்தால் வெள்ளை நூலை எடுப்பாள், இருட்டிலும் கண்ணுக்குத் தெரியும் என்று. ஈரக் கம்பளி வாசனையும் அடுப்புப் புகையும் கலந்து அவள் மூலையில் எப்போதும் ஒரு சூடு இருப்பதுபோலத் தோன்றும்.

"காஞ்சிபுரத்துல எந்தக் கொழந்தைக்குடி கையில குளுரு?" என்று அம்மா அந்தக் கையுறையைப் பார்த்துச் சிரிப்பாள்.

அப்பா சிரிக்கவில்லை. அவருக்கு முதலில் வந்தது ஆச்சரியம். ஒருநாள் அக்கா எழுந்து போன நேரத்தில் ஸ்வெட்டரைக் கையில் எடுத்து, விரித்து, வெளிச்சத்தில் பிடித்து, நாள் முழுக்கப் பட்டைத் தடவிப் பழகிய விரலால் தடவிப் பார்த்தார்.

"பாவு இல்ல, ஊடை இல்ல. ஒத்த நூலு தன்னையே சுத்திக்கினு நிக்குது. இதுவும் துணின்றாங்க" என்றார் அம்மாவிடம்.

ஆச்சரியம் போகப் போகச் சலிப்பாக மாறியது. எங்கள் வீட்டில் ஒரு முறை இருந்தது. தறியில் பாவு ஏற்றினால் அது முடிகிற வரைக்கும் வேறு பேச்சு கிடையாது. புடவையை அறுத்து இறக்கித் தறிக்குக் கற்பூரம் காட்டிவிட்டுத்தான் அடுத்ததைப் பற்றி வாயைத் திறப்பார்கள். பாதியில் விட்ட நூல் வீட்டுக்கு ஆகாது. கல்யாணப் பெண்ணுள்ள வீட்டுக்கு அறவே ஆகாது. அக்காவோ ஆறைப் பாதியில் வைத்துக்கொண்டிருந்தாள். அவள் ஒருமுறை எதிர்த்துப் பேசினாள். புடவை உடலுக்கு ஒன்று, இரண்டு கரைக்கு இரண்டு என்று, குறுக்கே ஊடை நூலை ஓட்டுகிற நாடா நீயே மூன்று வைத்துக்கொண்டுதானே நெய்கிறாய் என்று கேட்டாள்.

"மூணு நாடாம்மா. ஆனா பொடவ ஒண்ணு" என்றார் அப்பா.

அவர் கவனித்த இன்னொன்று உண்டு. எல்லாமே கஷ்டமான இடத்தில் போய் நின்றன. காலுறை குதிகால் திரும்புகிற இடத்தில் நின்றது. கையுறை கட்டைவிரல் பிரிகிற இடத்தில், ஸ்வெட்டர் அக்குளில், குல்லா உச்சியில் கண்ணி குறைக்கிற இடத்தில், தலையணை ஓரம் மூலை மடங்குகிற இடத்தில். அதோடு இன்னொரு விபரீதமும் நடந்தது. சில நாள் அக்கா குதிகாலைப் பின்னி முடிப்பாள். அம்மா அப்பாடா என்று மூச்சு விடுவதற்குள், பின்னியதை உருவி மறுபடி பழைய இடத்துக்கே கொண்டுவந்து நிறுத்திவிடுவாள்.

"கஷ்டம் வந்தா வுட்டுட்டு அடுத்தத எடுத்துக்கறா. போட்டாலும் அவளே பிரிக்கறா. போற எடத்துல குடும்பத்தயும் இப்டிதான் பண்ணுவாளா?" இதை அப்பா அம்மாவிடம்தான் சொன்னார். எங்கள் வீட்டில் அம்மாவிடம் சொன்னால் எல்லாரிடமும் சொன்னதுதான்.

உண்மை என்னவென்றால், பரீட்சைக்கு வேண்டியதே அந்தப் பாதிகள்தான். முழுதாகப் பின்னி எடுத்துப்போனால் யார் பின்னியது என்று யாருக்குத் தெரியும்? அதனால் ஆறு வேலையையும் கஷ்டமான இடம் வருவதற்கு ஒரு வரிசை முன்னால் நிறுத்திக் கொண்டுபோகவேண்டும். பரீட்சை வைக்க வருகிற அம்மையார் எதையாவது தொட்டு, இங்கிருந்து போடு என்பார். அவர் கண்ணெதிரே குதிகாலைத் திருப்பவேண்டும், கட்டைவிரலைப் பிரிக்கவேண்டும். அக்கா பழகிப் பழகிப் பிரித்தது அதற்குத்தான். இதை அவள் ஒளித்து வைக்கவும் இல்லை. சாப்பிடும்போது ஒருதரம் சொன்னாள், அம்மாவுக்குத் தலை வாரிவிடும்போது ஒருதரம் சொன்னாள். டீச்சரம்மாவே வந்து வாசலில் நின்று சொல்லிவிட்டுப் போனார். எல்லாரும் தலையை ஆட்டினார்கள். யார் காதிலும் அது இறங்கவில்லை. அரைகுறையைக் காட்டி ஒருத்தி பாஸ் பண்ணுவாள் என்பதை எங்கள் வீடு எந்தப் பக்கத்திலிருந்து நம்பும்?

அப்போதுதான் மாமா முசரவாக்கத்திலிருந்து ஒரு வரன் கொண்டுவந்தார். பயிர் வைக்கிற குடும்பம், பையன் நெல் மண்டியில் இருக்கிறான் என்றார். ஞாயிற்றுக்கிழமை பெண் பார்க்க வருகிறார்கள். பரீட்சை திங்கட்கிழமை, செங்கல்பட்டில். அக்கா ஒன்றும் மறுக்கவில்லை. ஞாயிறு காப்பி கொடுத்துவிட்டுத் திங்கள் பஸ் ஏறிவிடலாம் என்று என்னிடம் சொன்னாள்.

சனிக்கிழமை மத்தியானம் பரீட்சைச் சீட்டு வந்துவிட்டது, வாங்கிக்கொண்டு போ என்று டீச்சரம்மா சொல்லி அனுப்பினார். மழை சற்று விட்டிருந்தது. அக்கா பையை வீட்டிலேயே வைத்துவிட்டு என்னைக் கூட்டிக்கொண்டு போனாள். பை நனைந்துவிடும் என்றுதான் வைத்துவிட்டுப் போனாள். இதை எத்தனையோ முறை நினைத்துப் பார்த்திருக்கிறேன்.

திரும்பி வருகிற வழியெல்லாம் அவள் பேசிக்கொண்டே வந்தாள். சீட்டை ரவிக்கைக்குள் வைத்திருந்தாள். தெருவில் முழங்கால் வரைக்கும் தண்ணீர். பாவாடையை ஒரு கையில் தூக்கிப் பிடித்துக்கொண்டு, "டீச்சர் ஆனா எனக்கு ஒரு நாற்காலி போடுவாங்கடா. எம்பேர்ல" என்றாள். பிறகு, "நம்ம வூட்டுக்கும் ஒண்ணு வாங்கணும். நைனா உக்காரட்டும், காலு மரத்துப் போவுதுன்னு சொல்லிக்கினே இருக்குது" என்றாள்.

வீட்டுக்குள் நுழைந்தபோது மணக்க மணக்க ஊதுவத்தி. அப்பா குளித்து நெற்றியில் திருநீறு வைத்திருந்தார். பல நாள் கழித்து அவர் முகத்தில் வேலை செய்த களை. சாமி படத்துக்கு முன்னால் ஒரு பித்தளைத் தட்டு. தட்டில் உருண்டை உருண்டையாக மஞ்சள், நீலம், சிவப்பு, பச்சை, அப்புறம் வெள்ளை இரண்டு. ஒவ்வொன்றின்மேலும் ஒரு பொட்டு குங்குமம். பக்கத்தில் ராட்டை. ஸ்போக் கம்பிகளைத் துடைத்து, ரப்பரையெல்லாம் கழற்றிவிட்டு, சணலால் கட்டாகக் கட்டி வைத்திருந்தார்.

நடந்ததை அம்மா பிறகு சொன்னாள். நாங்கள் போனதும் அப்பா பையை எடுத்திருக்கிறார். நாளைக்கு நாலு பேர் வருகிற வீட்டில் ஆறு அரைகுறை கிடக்கவேண்டாம், பெண்ணும் பரீட்சைக்குள் முடிக்க முடியாமல் திண்டாடுகிறாள், பிரித்துக் கொடுத்துவிட்டால் நல்ல நாள் பார்த்து ஒன்று ஒன்றாகத் தொடங்குவாள் என்றிருக்கிறார். அம்மாவுக்கும் அது சரியாகத்தான் பட்டிருக்கிறது. கம்பியை உருவி ஒரு முனையை இழுத்ததும் அது வந்துகொண்டே இருந்ததாம். நெய்த துணியில் ஒரு நூலை இழுத்தால் ஒரு நூல்தான் வரும். இது மொத்தமும் வந்தது. அப்பா குழந்தை மாதிரிச் சிரித்தாராம். நெளிநெளியாக வந்த நூலை ஈரத்துணியால் நீவி நீவி, பட்டை எப்படிச் சுற்றுவாரோ அப்படி ஒரு பிசிறு இல்லாமல் சுற்றி முடித்திருக்கிறார்.

"எல்லாத்தயும் ஒழுங்கு பண்ணிட்டேம்மா. ஒரு முழம்கூட வீணாவல" என்றார் அக்காவைப் பார்த்து.

அக்கா தட்டுக்கு முன்னால் உட்கார்ந்தாள். நீல உருண்டையை எடுத்தாள். நூலின் முனையை விரலில் பிடித்துக் கொஞ்சம் அவிழ்த்தாள். எவ்வளவு நீவியும் நூல் நெளிவை விடவில்லை. ஒவ்வொரு கண்ணி இருந்த இடமும் அதில் தெரிந்தது. அவள் முகத்தில் கோபத்தைத் தேடினேன், இல்லை. அழுகையைத் தேடினேன், அதுவும் இல்லை. தெரிந்த வீட்டுக்குள் நுழைந்து பார்த்தால் உள்ளே வேறு யாரோ குடியிருந்தால் ஒருத்தர் எப்படி நிற்பார், அப்படி இருந்தது அவள் முகம்.

உருண்டையை வைத்துவிட்டு எழுந்தாள். அம்மா பூ கட்டிக்கொண்டிருந்த இடத்தில் கத்தரி கிடந்தது. எடுத்தாள். தறிக்குப் போனாள். மேலே போர்த்தியிருந்த வேட்டிகளை ஒன்று ஒன்றாக மடித்து ஓரமாக வைத்தாள். மழை வெளிச்சத்தில் அந்த அரக்கு நிறம் ரத்தம் மாதிரி இருந்தது. கத்தரியைப் பாவின்மேல் வைத்தாள். அறுக்கவில்லை. வைத்தாள், அவ்வளவுதான்.

அந்தப் பாவு போனால் எங்களுக்கு அந்தத் தறியும் போகும், வீடும் போகும். அது எனக்கே தெரியும்.

"நைனா, இது பாதியிலதான நிக்குது?" என்று கேட்டாள். குரல் சாதாரணமாக இருந்தது, உப்பு போட்டாயா என்று கேட்பதுபோல.

அப்பா ஓர் எட்டு முன்னால் வந்தார்.

"பாதியில நின்னா வூட்டுக்கு ஆவாதுன்னியே. அறுத்துடட்டுமா? பட்டு எங்க போவுது. நானே சுத்திக் குடுத்துடறேன். ஒரு முழம்கூட வீணாவாது."

அப்பா இரண்டு கையையும் முன்னால் நீட்டினார். தடுக்கிறாரா, கும்பிடுகிறாரா என்று தெரியவில்லை. இரண்டுமே பாதியில் நின்றன. என் அப்பா ஓர் ஆளிடம் பயந்ததை அன்றைக்குத்தான் பார்த்தேன். அந்த ஆள் அக்கா.

பிறகு அக்கா கத்தரியை எடுத்துக் கீழே வைத்தாள். மடித்து வைத்த வேட்டிகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பழையபடி போர்த்தினாள். ஈரம் உள்ளே போகக்கூடாது என்று ஓரங்களை அழுத்திச் செருகினாள், நாலு மூலையையும். அதுதான் என்னை மிகவும் உலுக்கியது. அறுத்திருந்தால்கூட இவ்வளவு திடுக்கிட்டிருக்கமாட்டேன் என்று இப்போது தோன்றுகிறது.

அப்பா சட்டைகூடப் போடாமல் மழையில் டீச்சரம்மா வீட்டுக்கு ஓடினார். என்ன பேசினார்கள் என்று தெரியாது. திரும்பி வந்தபோது அவருக்கு எல்லாம் புரிந்திருந்தது என்பது மட்டும் தெரிந்தது. அப்போதும் அவர் கேட்டது ஒரு நெசவாளி கேட்கிற கேள்விதான். அக்காவின் முன்னால் குந்தி உட்கார்ந்து, "அறுந்த பாவயே சாம்பல் தொட்டு இழைக்கு இழை முறுக்கிப் பிணைக்கிறவன்மா நானு. எங்க வுட்டியோ அங்கேந்து புடிச்சிக்க முடியாதா? சொல்லு, நான் கூட உக்காரறேன்" என்றார்.

"வுட்ட எடமே இல்ல நைனா" என்றாள் அக்கா.

மறுநாள் பெண் பார்க்க வந்தார்கள். தெருக்காரர்களிடம் நாற்காலிகள் இரவல் வாங்கிப் போட்டிருந்தோம். மாப்பிள்ளையின் அம்மா ஒன்றில் உட்கார்ந்துகொண்டு, பெண்ணுக்குக் கைவேலை ஏதாவது தெரியுமா என்று கேட்டார். அப்பா வாயைத் திறந்தார். அதற்குள் அக்கா, "ஒண்ணும் தெரியாதுங்க" என்றாள். அடக்கமான பெண் என்று அந்த அம்மாவுக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. தை மாதம் கல்யாணம். அடுத்த பரீட்சை வந்தபோது அக்கா முசரவாக்கத்தில் நெல் அவித்துக்கொண்டிருந்தாள்.

அந்த ஆறு உருண்டைகளையும் அப்பா தறிக்கு மேலே உறியில் தொங்கவிட்டிருந்தார். யாரையும் தொடவிடவில்லை. பூச்சி அரித்து அவை தூளாக உதிர்ந்தன. சைக்கிள் கம்பிகள் எங்கே போயின என்று தெரியவில்லை. அந்தச் சத்தத்தை அதன் பிறகு எங்கள் வீட்டில் நான் கேட்கவில்லை.

நண்பர்களே, நாம் படித்தவர்கள். பெரியவர்கள் தெரியாமல் செய்தார்கள், வேறென்ன என்று நீங்கள் சொல்வீர்கள். நானும் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தேன், போன மார்கழி வரைக்கும்.

போன மார்கழியில் லீவுக்கு அக்கா வீட்டுக்குப் போனேன். அவள் மறுபடி பின்னுகிறாள். சின்னவனுக்குச் சளி என்று காலுறை. வீடு முழுக்கத் தேடினேன், அந்த ஒரு வேலையைத் தவிர வேறெதுவும் கிடையாது. இதை முடித்துவிட்டுத்தான் அடுத்ததை எடுப்பாளாம். இதைப் பற்றி அப்பாவுக்கு ஏகப் பெருமை. எடுத்தால் முடிக்காமல் எழுந்திருக்கமாட்டாள் என் பெண் என்று முதலாளியிடம்கூடச் சொல்லியிருக்கிறார். என்னிடம் அதைச் சொல்லும்போது அவர் முகம் எப்படி இருந்தது என்று கேட்காதீர்கள். பெருமையா, வேறெதுவா என்று இந்த வயதிலும் எனக்குப் பிரிக்கத் தெரியவில்லை.

அக்கா குதிகாலைத் திருப்பிக்கொண்டிருந்தாள். கொல்லையில் சின்னவன் விழுந்து வீறிட்டு அழுதான். அவள் கை நிற்கவில்லை. நான் போய்த் தூக்கி வந்தேன். முட்டியில் ரத்தம். பையன் அம்மா அம்மா என்று கையை நீட்டுகிறான். அவள் கண்ணில் தண்ணீர் ரொம்பிக்கொண்டு வருகிறது, ஆனாலும் கம்பி ஓடிக்கொண்டே இருக்கிறது.

"வச்சிட்டு வாக்கா. அது எங்க போவுது?" என்றேன்.

கடைசிக் கண்ணியைப் போட்டு, நூலை அறுத்து, முடிச்சை இழுத்துப் பார்த்து, பிரியாது என்று தெரிந்த பிறகுதான் அவள் பையனுக்குக் கை நீட்டினாள். அவன் முட்டியைப் புடவை முந்தானையால் துடைத்துக்கொண்டே, என்னைப் பார்க்காமல் சொன்னாள்.

"பாதியில வச்சிட்டு எழுந்தா யாராவது நல்லது பண்ணிடுவாங்கடா."